அவசரத்தில் போன முன்பற்கள்

1

சர்க்கார் என் வாயைத் திறந்து பார்க்கப் போகிறது என்று நான் நம்பினேன். எர்ணாகுளத்தில் ஓர் ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். இந்தப் பக்கம் நான் 'ஆ' காட்டி நிற்பேன். டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்துவிட்டு, "கறை இருக்கிறது, போகலாம்" என்று விரட்டிவிடுவார். நான் பெண்டாட்டி பிள்ளையோடு கும்பகோணத்துக்கு ரயில் ஏறுவேன். இதையெல்லாம் நம்பியவன் பால்குடி மறக்காத குழந்தை இல்லை. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, கொச்சியில் மட்டாஞ்சேரியில் பல வருஷமாக மற்றவர்களின் வாயைத் திறந்து பார்த்தே பிழைத்து வந்த ஆசாமி.

இந்தக் கதையை யாரிடமும் சொல்வதாக இல்லை. போன மாசம் கும்பகோணத்தில் நடந்த ஒரு கல்யாணம் சொல்ல வைத்துவிட்டது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். பெரிய தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சம்பந்தி வீட்டு ரசத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் என் மேல்வரிசை முன்பல் இரண்டும் கழன்று, அப்பளத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன.

மச்சான் அப்பளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஊரு உலகத்துக்கெல்லாம் பல்லு வெளக்கி விடுற ஆளு நீங்க. உங்க பல்லே கட்டுன பல்லா?"

"அது ஆபீஸ் விஷயம் மச்சான்."

"ஆபீஸ்ல பல்ல கேட்டாங்களா?"

"கேக்கல. நானாத்தான் குடுத்தேன்."

பந்தி எழுந்து கை கழுவுகிற வரையில் மச்சான் விடவில்லை. கடைசியில், "சரி, நம்ம சின்னவன் சும்மாதான் சுத்திக்கிட்டிருக்கான். உங்க வேலைக்கு என்ன படிக்கணும், லைசென்ஸு எப்படி வாங்கணும், பொழப்பு ஓடுமா, எல்லாத்தையும் வெவரமா எழுதுங்க" என்றார். மச்சானுக்குச் சொல்வதை ஊருக்கே சொல்லிவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

2

சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினவர்கள் அந்நிய ஊர் அனுபவத்தை எழுதுகிற இடத்தில், வெறும் ஒரு மலையைத் தாண்டினவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மலையைத் தாண்டினால் போதும். நம் வார்த்தைகளையே வைத்துக்கொண்டு வேறு அர்த்தத்தில் பேசுகிற ஜனங்களுக்கு நடுவே குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும். சீன பாஷை என்றால் புரியவில்லை என்பதாவது புரியும். மலையாளம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

கும்பகோணத்தில் எனக்குச் சாரங்கபாணி என்று பெயர் வைத்தார்கள். மட்டாஞ்சேரிக்கு வந்த வாரமே அந்தப் பெயர் காணாமல் போயிற்று. தமிழ் பேசுகிறவன் எந்த ஜில்லாக்காரனாக இருந்தாலும் இங்கே அண்ணாச்சிதான். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை என்று முதல் வருஷம் முழுக்க ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். "அது சரி அண்ணாச்சி" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பல் வேலைக்கென்று நான் வரவில்லை. சுக்கு மிளகு மண்டி ஒன்றில் கணக்கு எழுத வந்தேன். மண்டிக்காரர் கடையை மூடினார். அதே வாரம் எனக்குக் கடைவாயைத் திறக்க வேண்டி வந்தது. பொறுக்க முடியாத பல்வலி. பஜார் ரோட்டில் ஒரு கிடங்கின் மாடியில் வர்க்கி டாக்டரின் பல் ஆஸ்பத்திரி. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் தூக்குமேடைக்கு முறை வைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ பயம் வந்தால் வாய் ஓயாது. அரைகுறை மலையாளத்தில் எதையோ உளறிக்கொண்டே இருந்தேன். பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்த ஒரு குஜராத்தி சேட்டு, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அந்தச் சிரிப்புக்குள்ளேயே சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து முடித்துவிட்டார்.

என் பல்லைப் பிடுங்கிய கையோடு எனக்கு வேலையும் கொடுத்தார். முதலில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற வேலை. பிறகு தலையைப் பிடிக்கிற வேலை. பிறகு கருவிகளை வெந்நீரில் போட்டு எடுப்பது. ஒருநாள் ஒரு கிழவரை நாற்காலியில் உட்கார வைத்து, கொக்கி மாதிரி ஒரு கருவியை என் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இயாளுடெ பல்லொக்கெ ஒந்நு வெடிப்பாக்கணும்" என்றார்.

இந்த மனுஷர் பல்லையெல்லாம் வெடிக்க வைக்க வேண்டும் என்று எனக்குக் கேட்டது. கருவியும் கையுமாக நின்றேன். கிழவரோ நிம்மதியாக வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இங்கே வெடிப்பு என்றால் சுத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியே பல்லில் படிந்த காரையைச் சுரண்டவும் கற்றுக்கொண்டேன்.

இதில் மச்சானுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மலையாள போர்டைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று என் மகள் வசந்தாவிடம் கேட்டார். "இங்கே பல்லு வெடிப்பாக்கிக் கொடுக்கும், மாமா" என்றாள். மச்சான் அன்று முழுவதும் என் முன்னால் உதட்டைத் திறக்காமலே பேசினார்.

3

பிழைப்பு ஓடுமா என்று கேட்டாரே, அதற்குப் பதில்.

பல் வலித்தால் டாக்டரிடம் போகலாம் என்பதே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. வலிக்காத பல்லைச் சுத்தம் செய்துகொள்ள ஒருவனிடம் போவது, ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுப்பது மாதிரி. ஆகவே என்னிடம் வருகிறவர்கள் குறிப்பிட்ட ரகம். கல்யாணம் நிச்சயமான மாப்பிள்ளைகள். போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள். வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிற மீன்காரர்கள். இவர்கள் மனைவிமாரால் துரத்தி அனுப்பப்பட்டவர்கள். முகூர்த்த மாசங்களில் கை ஒழியாது. ஆடி மாதத்தை இங்கே கர்க்கடகம் என்பார்கள். கர்க்கடக மழையில் எவனும் பல்லைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நானும் பெஞ்சும் மட்டும் இருப்போம்.

இன்னொன்று: தனியாக போர்டு மாட்டிக்கொள்ள முடியாது. டாக்டர் இருந்தால்தான் நாம் உண்டு. சின்னவன் முதலாளியாக ஆசைப்பட்டால் மச்சானின் பாத்திரக்கடையே நல்லது.

இனி என் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்துக்காரன் வெற்றிலை போடாமல் இருந்தால் ஊருக்கே மானக்கேடு. நானும் போட்டேன், புகையிலையோடு போட்டேன். முதல்முதலில் என் வாயைப் பார்த்தபோதே டாக்டர் முகத்தைச் சுளித்து, "அண்ணாச்சி முறுக்குமோ?" என்று கேட்டார்.

"தீபாவளிக்கு மட்டும் டாக்டர்."

"தீபாவளிக்கு மாத்ரமோ?" அவரால் நம்ப முடியவில்லை.

"ஆமா. வீட்ல பண்ணுவாங்க."

இங்கே வெற்றிலை போடுவதற்குத்தான் முறுக்குவது என்று பெயர். அரிசிமாவு முறுக்கைக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் போட்டு இத்தனை கறையா, அது எப்பேர்ப்பட்ட தீபாவளி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பின்னால் எனக்கு அர்த்தம் தெரிந்தது. ஆனால் திருத்தவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, வருகிறவர்களிடமெல்லாம் "முறுக்கக் கூடாது, கேட்டோ" என்று உபதேசம் பண்ண ஆரம்பித்திருந்தேன். மத்தியானம் சாப்பிடப் போகிற சாக்கில் பக்கத்தில் ஒரு கொங்கணிக்காரர் வைத்திருந்த வெற்றிலைக் கடையின் பின்புறம் நின்று போட்டுக்கொண்டு, வாய் கொப்பளித்துவிட்டு வருவேன்.

4

மாநிலங்களைப் பாஷைவாரியாகப் பிரித்து, கேரளம் என்று ஒன்று ஏற்பட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் காலை, வசந்தா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடைய மலையாள எழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும். தமிழ் எழுத்து, முத்து அறுந்து சிதறிய மாதிரி.

"அப்பா, நோக்குங்க. உங்க வேலையப் பத்திப் போட்டிருக்கு."

"படி."

அவள் பள்ளிக்கூட வாசிப்பு வாசித்தாள். பல் சுத்தம் செய்கிறவர்களை 'தந்த சுசித்வக்காரர்' என்று போட்டிருந்தார்கள். அந்தத் தந்த சுசித்வக்காரர் எல்லாம் நேரில் ஹாஜராகிப் பெயர் பதிய வேண்டும். "பரிசோதனய்க்கு சேஷம் மாத்ரமே பேரு சேர்க்குகயுள்ளூ. இது அவசானத்தெ அவசரமாணு."

எனக்கு விளங்கியது இதுதான்: பரிசோதனைக்குப் பிறகே பெயரைச் சேர்ப்பார்கள். இது கடைசி அவசரம்.

"அவசரம்னா போட்டிருக்கு?"

"ஆமா, அவசரம்னுதான் இருக்கு. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு." ஓடிவிட்டாள்.

மலையாளத்தில் பரிசோதனை என்றால், கொண்டுவந்த காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. உடம்பைப் பார்ப்பதற்கும் அதே சொல்தான். எனக்குத் தெரிந்தது அந்த அர்த்தம் மட்டும். அவசரம் அதைவிட மோசம். இங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. நம் அவசரத்துக்கு இவர்கள் திருதி என்பார்கள். பெயர் பதிந்துகொள்ள இது கடைசி வாய்ப்பு என்று பத்திரிகைக்காரர் சாதுவாகச் சொல்லியிருந்தார். வாய்ப்பு என்று புரிந்துகொள்ள வேண்டியவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தந்த சுசித்துவம் என்றால் பல் சுத்தம். பல் சுத்தக்காரன் நேரில் வர வேண்டும், பரிசோதனை உண்டு. எதைப் பரிசோதிப்பார்கள்? என் மீசையையா?

"என்னாங்க, முகம் செத்துப் போச்சு?" என்று கேட்டாள் என் மனைவி ராஜாம்பாள். சொன்னேன். அவளுக்கு என் வெற்றிலை வண்டவாளம் முழுக்கத் தெரியும்.

"அன்னிக்கே தலையா அடிச்சுக்கிட்டேன். அந்தக் கருமத்த விடுங்கன்னு. இப்ப என்ன, கும்மோணத்துக்குப் போயி எங்கண்ணன் கடையில பித்தளைக் குடம் தொடைக்கப் போறீங்களா?"

அதுதான் விஷயம். ஊரில் எல்லாரிடமும் நான் பல் டாக்டருக்கு அடுத்தபடி என்று சொல்லி வைத்திருந்தேன். டாக்டருக்கு அடுத்தபடியாக இருந்தவன் மச்சான் கடையில் குடத்துக்கு அடுத்தபடியாக உட்கார வேண்டும். வாடிக்கைக்காரர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். வசந்தாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு கீழே இறக்கிச் சேர்ப்பார்கள். பொடிசுகளோடு உட்கார்ந்து அவள் ஆனா ஆவன்னா எழுத வேண்டும். என் வெற்றிலைக் கறைக்கு அவள் ஏன் கீழ் வகுப்பில் உட்கார வேண்டும்?

5

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். அவர் அந்தச் சமயம் கோட்டயம் போயிருந்தார். இருந்திருந்தாலும், தீபாவளி ரகசியம் வெளியே வந்துவிடும் என்று கேட்டிருக்க மாட்டேன். மிச்சம் இருந்தவர் பாப்பச்சன் ஒருவர்தான். ஆஸ்பத்திரியின் பின் அறையில் பல் செட் கட்டுகிறவர். அரம் போடும்போது வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் போடுவார். என்னோடு பேசுவதற்காகவே மலையாளத்தையும் தமிழையும் சேர்த்துக் கிண்டி ஒரு பாஷை வைத்திருந்தார்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன், பாப்பச்சனின் சாப்பாட்டுத் தூக்கில், மீன் குழம்புக்கு மேலே, அவரே கட்டிய ஒரு முழுப் பல் செட்டைச் சிரித்த வாக்கில் வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்த்தவன் நான். அதற்கு முன்னும் பின்னும் செய்தவற்றை எழுத இடம் போதாது.

"பாப்பச்சா, எர்ணாகுளம் ஆபீஸ்ல பரிசோதனை இருக்காமே. உங்களுக்கும் உண்டா?"

"உண்டு, பின்னே? எல்லார்க்கும் உண்டு." அவர் அரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பல்லு கறுப்பா இருந்தா பேரு சேர்க்க மாட்டாங்களா?"

அரம் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வழக்கம்போல எதற்கோ அடிபோடுகிறேன் என்று அந்த நிமிஷமே அவர் முடிவு கட்டிவிட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவர் முகத்தில் பார்த்ததை நான் அனுதாபம் என்று நினைத்தேன்.

"பல்லு மட்டுமோ அண்ணாச்சி? நாக்கும் நீட்டச் சொல்லும். ஆலப்புழயில ஒரு பாவம் மனுஷன் கறுத்த பல்லுமாயி போயி..." நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

"போயி?"

"பறய வேண்டாம். அவன் இப்போ படகுல துடுப்பு போடறான்."

சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஆலப்புழைக்காரனுக்காக அழுகிறார் என்று நினைத்து நான் சத்தம் செய்யாமல் வெளியே வந்தேன்.

6

வெற்றிலையை நிறுத்தினேன். உப்பு, அடுப்புக்கரி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். வீட்டுக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, கொக்கிக் கருவியால் நானே என் பல்லைச் சுரண்டினேன். வேறொருவர் வாய் என்றால் கை தானாக ஓடும். சொந்த வாயில், கண்ணாடியில், எல்லாம் மாறித் தெரிந்தது. இடது பல்லைச் சுரண்டப் போய் வலது ஈறைக் குத்தினேன். வசந்தா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா தன்னத்தானே வெடிப்பாக்கறாங்க" என்று குரல் கொடுத்தாள். அந்தச் சமயத்தில் அது தமிழிலும் சரியாகத்தான் இருந்தது.

சிவப்பு போயிற்று. மேல்வரிசை முன்பல் இரண்டில் மட்டும் கறுப்பு போகவில்லை. புகையிலை அடக்குகிற இடம் அதுதான். கறை உள்ளேயே ஊறியிருந்தது. வாயைத் திறந்தால் முதலில் தெரிகிற பல்லும் அதுதான்.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை உதித்தது. இல்லாத பல்லில் எவன் கறை கண்டுபிடிப்பான்? பிடுங்கிவிட்டால், பாப்பச்சன் வெள்ளை வெளேரென்று இரண்டு பல் கட்டிக் கொடுத்துவிடுவார். அதிகாரியே அசந்து போவார்.

டாக்டர் கோட்டயத்திலிருந்து வந்ததும் நாற்காலியில் போய் நானே ஏறி உட்கார்ந்தேன்.

"எடோ, எந்தா?"

"இந்த ரெண்டு பல்லும் தாங்க முடியல டாக்டர். புடுங்கிருங்க."

அவர் தட்டிப் பார்த்தார்; ஆட்டிப் பார்த்தார். பல் கல் மாதிரி இருக்கிறது, கறைதான், பிடுங்க ஒன்றும் இல்லை என்றார். நான் 'ஐயோ' என்று கத்தினேன். அவர் அப்போது பல்லில் கையே வைத்திருக்கவில்லை.

"எந்தா அண்ணாச்சி இத்ர திருதி?"

"அவசரம் டாக்டர்."

"அவசரமோ? பல்லு பறிக்கானோ? எந்து அவசரம்?"

பல் பிடுங்குவதில் என்னய்யா வாய்ப்பு என்று அவர் கேட்கிறார். எனக்கு அது எப்படித் தெரியும்?

"எர்ணாகுளம் ஆபீஸ் டாக்டர். நாளைக்கே போயி பேரு பதியணும். அதான் அவசரம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, அதோ! அது நல்ல அவசரமாணு அண்ணாச்சி. விட்டுகளயருது." நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதே என்று தட்டிக் கொடுத்தார். நீயும் பாப்பச்சனும் சேர்ந்து போய் வாருங்கள், என்னிடம் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறீர்கள் என்று நான் எழுதித் தருகிறேன், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு அது போதும், புதிதாக வருகிறவர்கள்தான் படித்துப் பாஸ் பண்ணி வர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். மச்சான் கேட்ட லைசென்ஸ் விவரம் முழுக்க அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது. என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: நல்ல அவசரம்.

"அப்ப புடுங்குங்க டாக்டர்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் மறுபடி 'ஐயோ' என்றேன். வலிக்கிறவன் வாக்கைத் தட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஊசி போட்டார். நல்ல பல் சுலபத்தில் வராது. ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததும் வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். தலையை ஆட்டினேன்.

ரத்தம் நின்ற பிறகு பாப்பச்சனிடம் போய் வாயைக் காட்டி, நாளைக்குள் பல் கட்ட முடியுமா என்று ஜாடையில் கேட்டேன்.

"நாளையோ? ஈறு வத்த வேண்டாமோ? கொறஞ்சது ரெண்டு மாசம். அண்ணாச்சி தன்னேயல்லே எல்லார்கிட்டயும் பறயறது?"

உண்மைதான். பல் பிடுங்கிக்கொண்டு எழுந்திருக்கிற ஒவ்வொருவரிடமும், ஈறு வற்றட்டும், அவசரப்படாதீர்கள் என்று சொல்வது என் வேலை. இத்தனை வருஷமாகச் சொன்னதை அன்றுதான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

கறுப்பாக இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜன்னல். போதாக்குறைக்குப் பேச்சு வேறு போய்விட்டது. 'ச' எங்கே போனாலும் 'த'வாக வந்தது. வீட்டில் "சட்டையை எடு" என்றேன்; "தட்டையா? தீபாவளிக்குத்தானே பண்ணுவோம்?" என்றாள் ராஜாம்பாள். அவள் சிரிக்கவில்லை. சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியில் எதையெல்லாம் வைக்கலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

7

மறுநாள் காலை மட்டாஞ்சேரி ஜெட்டியில் பாப்பச்சனும் நானும் எர்ணாகுளம் படகில் ஏறினோம். பல் செட் கட்டுகிறவர்களும் பதிந்துகொள்ள வேண்டும். நான் வாயைத் துண்டால் மூடியிருந்தேன். வழக்கமாக அந்தப் படகையே சிரிக்க வைத்துக்கொண்டு போகிறவன் வாய் பேசாமல் வந்ததில் பாப்பச்சனுக்குக் கொஞ்சம் பயம் பிடித்துவிட்டது. "நல்ல நோவு உண்டோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆபீஸில் கூட்டம் இல்லை. டார்ச் இல்லை. ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, ஒரு தடிமனான பதிவேடு. பாப்பச்சன் முதலில் போனார். குமாஸ்தா அவர் காகிதத்தைப் பார்த்தார், ஊரைக் கேட்டார், எழுதினார், கையெழுத்து வாங்கினார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. பல் கட்டுகிறவனுக்கு எதற்குப் பரிசோதனை, பல் சுத்தக்காரனுக்குத்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

என் முறை வந்தது. டாக்டர் எழுதிய காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். துண்டை எடுத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயைத் திறந்து, பாப்பச்சன் சொன்னபடி நாக்கையும் நீட்டினேன்.

அப்படியே காட்டிக்கொண்டு நின்றேன்.

"எந்தா அண்ணாச்சி, கோட்டுவாயோ?" என்றார் குமாஸ்தா. கொட்டாவியா என்று கேட்கிறார்.

"பரிதோதனை" என்றேன்.

"பரிசோதன கழிஞ்ஞு." அவர் காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "டாக்டருடெ எழுத்து உண்டல்லோ. மதி. வாய் அடச்சோ."

பரிசோதனை முடிந்தது, இது போதும், வாயை மூடலாம் என்கிறார். எனக்கு வாயை அடைக்க முடியவில்லை. பின்னால் பெஞ்சில் "என்றெ கர்த்தாவே!" என்று ஒரு குரல். திரும்பினேன். பாப்பச்சன் என் வாயைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி என் வாயைப் பார்த்தார். முழுக் கதையும் அவருக்கு ஒரே வீச்சில் விளங்குவது முகத்தில் தெரிந்தது.

"அண்ணாச்சீ, அது நான் தமாஸு பறஞ்சதல்லே? நீங்க என்ன வெச்சு தமாஸு பண்றதாயிட்டு அல்லே நான் நெனச்சது? இதுக்கா பல்ல எடுத்தது?"

நான் தலையை ஆட்டினேன். பாப்பச்சன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தோள் குலுங்கியது. இந்தத் தடவையும் அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டால் இரண்டும்தான் என்கிறார்.

குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார், தூரத்தில் பிடித்தார். டாக்டர்கள் கையெழுத்து எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

"பேரு பறயூ."

மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து என் பெயரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி என்று சொல்ல முடியாது. இது சர்க்கார் காரியம். நிமிர்ந்து நின்று, அப்பா வைத்த பெயரை முழுசாகச் சொன்னேன். குமாஸ்தா எழுதினார். நான் திருத்த வாயெடுத்தேன். மறுபடியும் சொன்னேன். முன்பு எழுதியது சரிதான் என்று அவர் தலையை ஆட்டி, கீழே கோடு போட்டார். சரியாகச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே ஆள் பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பதிவேடு மலையாளத்தில். எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.

வேலை நிலைத்தது. ராஜாம்பாள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். வசந்தா அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்பில் படித்தாள். ஈறு வற்றியதும் பாப்பச்சன் காசு வாங்காமல் இரண்டு பல் கட்டிக் கொடுத்தார். அவைதான் அப்பளத்தின் மேல் விழுந்தவை. என் வாயை யாரும் பரிசோதிக்கவில்லை. சர்க்கார் கணக்கில் மட்டாஞ்சேரியில் பல் சுத்தம் செய்கிறவர் பெயர் இன்றைக்கும் தாரங்கபாணி.